நீங்கள் கேட்காத தாளம்

இன்று காலை நம் மகன் பழைய வால்வு ஆம்பிளிபையரைத் துடைத்து ஆன் செய்தான். வால்வுகள் சூடேறியதும் தூசி கருகும் மணம் எழுந்தது. உங்களோடு பேச வேண்டும்போல் இருந்தது.

எழுபதுகளின் கடைசி. பத்து வருடம் பீரங்கிப் படையில் இருந்துவிட்டு மேலகரத்துக்குத் திரும்பியிருந்தீர்கள். புளியங்குடியிலிருந்து எலுமிச்சை லோடு ஏற்றி, செங்கோட்டை மலைப்பாதை வழியே கேரளத்துக்கு லாரி ஓட்டினீர்கள். ராணுவ நண்பர் தந்த வெளிநாட்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் வீட்டில் ஊமையாகக் கிடந்தன. எந்த ஆம்பிளிபையரை மாட்டினாலும் "சத்தம் பத்தல" என்பீர்கள்.

ஒரு ஞாயிறு மதியம், சாரலில் நனைந்தபடி தென்காசி ரேடியோ கடைக்காரர் இரண்டு ஆம்பிளிபையர்களைக் கொண்டுவந்தார். ஒன்று சிறியது. மற்றது நான்கு பெரிய வால்வுகளோடு இரண்டு ஆள் தூக்கும் கனம்.

"இந்த ஸ்பீக்கர் பெட்டி லேசுல பாடாது அண்ணாச்சி. கரண்டைத் தின்னும். சின்னதுக்கு மூச்சு வாங்கும்" என்றார்.

நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டு, ஒரு குமிழைத் திருகினார். ஜால்ராவின் தாளச் சத்தம் அடியோடு மறைந்தது. மறுபடி திருகினார். கணீரென்று வந்தது.

"எது நல்லாருக்கு?"

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "ரெண்டும் ஒண்ணுபோலதான இருக்கு?"

பீரங்கிச் சத்தம் உங்கள் காதைக் கெடுத்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனீர்கள். அருவி இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. "இங்கன வந்தா எல்லாரும் செவிடுதாம்ட்டி" என்று என் காதில் கத்திச் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. உங்கள் காதருகே கத்தினேன்: "எதுத்தாப்ல வார வண்டி ஹாரன் கேக்குதா?"

மறுபடி என் காதருகே குனிந்தீர்கள். "கிட்ட வந்தாத்தான் கேக்கு."

மறுநாள் லோடு இருந்தது. அழுதேன், கெஞ்சினேன். "வாக்கு குடுத்துட்டேன். இந்த ஒரு நடை" என்று போய்விட்டீர்கள். இரண்டு நாளும் செங்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு லாரிக்கும் வாசலுக்கு ஓடினேன். தபால்காரர் பெயர் சொல்லி அழைத்தபோதுகூடத் தந்தியோ என்று பதறினேன்.

மூன்றாம் நாள் நடந்து வந்தீர்கள். சட்டைப் பை கிழிந்து தொங்கியது. "வளைவுல பஸ்சு வந்திருக்கு. கிளீனர் பய பாஞ்சு ஸ்டியரிங்கை ஒடிச்சான். எனக்கு ஒண்ணும் கேக்கல." சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். அன்றே லாரி முதலாளியிடம் சாவியைக் கொடுத்தாயிற்று என்றும் சொன்னீர்கள். பிறகு எலுமிச்சை மார்க்கெட்டில் எடை போடும் வேலை கிடைத்தது.

ஆம்பிளிபையரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டீர்கள். நான் பெரியதையே சொன்னேன். சிறியதில் நாதஸ்வரம் இன்னும் இனிமையாக இருந்தது, உண்மைதான். ஆனால் பெரியதில் தவில் அடி விழும்போது பெட்டியே அதிர்ந்தது. அதன்மேல் கையை வைத்து, கண்மூடி, கடைசிவரை அப்படித்தான் கேட்டீர்கள்.

நீங்கள் போய் இத்தனை வருடமாகியும் அந்தப் பயம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. யாரையாவது கூப்பிட்டு அவர் உடனே திரும்பாவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நேற்று மகனைக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. போனில் பேசிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. தெரிந்தும், கிட்டே போய் அவன் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.