ஆறு திருகும் நாலு திருகும்

வாசுதேவநல்லூர்,
11.4.2025

அன்புள்ள பால்வண்ணநாதன் அண்ணாச்சிக்கு,

சேக் தாவூது எழுதுவது. இறைவன் அருளால் இங்கே நலம். உம் நலமும் ஜோதிலட்சுமி மதினி நலமும் அறிய ஆவல். போனில் பேசலாம் என்றால் என் செவிட்டுக் காது விடுகிறதா? அதனால்தான் கடிதம்.

ஒரே நாளில், ஒரே டாக்டர் கையில், திருநெல்வேலியில் முதுகைத் திறந்து கொடுத்தவர்கள் நாம். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். முதுகெலும்பில் உமக்கு ஆறு திருகு, எனக்கு நாலு. இந்த இரண்டு மாதத்தில் கம்பை ஊன்றிப் பள்ளிவாசல் வரை போய்வருகிறேன். குனியக் கூடாது, திரும்பக் கூடாது, தூக்கக் கூடாது என்கிறார்கள். கடையில் துணி பேலை மகன் சுஹைப்தான் தூக்குகிறான். நான் நாற்காலியில் பொம்மை மாதிரி இருக்கிறேன்.

நடக்கப் பழக்கிய ஸ்டான்லி தம்பியை நினைவிருக்கிறதா? மறுநாளே அவர் உம்மை எழுப்பி நிறுத்தினபோது, "ஏ யம்மா, இவன் என்னயக் கொல்லுதானே!" என்று போட்டீரே ஒரு கூப்பாடு, அது என் செவிட்டுக் காதிலேயே விழுந்தது. முப்பத்திரண்டு வருஷம் செங்கோட்டை பஸ் ஓட்டின மனுஷன் பத்தடி நடக்க அழுத கதையை ஷரீபுன்னிசாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன். கோபித்துக்கொள்ளாதேயும். இப்போது எத்தனை அடி நடக்கிறீர்?

இப்படிக்கு,
நாலு திருகு தாவூது


மேலகரம்,
19.4.2025

அன்பு பாய்க்கு,

நலம். அழுதேன் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லும், வே. எனக்கென்ன வெட்கம்?

எத்தனை அடி என்று கேட்டீர். அடிக்கணக்கெல்லாம் கம்பு ஊன்றுகிறவர்களுக்கு. என் வாக்கர் பரணுக்குப் போயாயிற்று. இடுப்புப் பெல்ட் ஆணியில் தொங்குகிறது. காலையில் குற்றாலம் ரோட்டில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. டிப்போ ஆட்களை வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வந்தால் சாயா குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள், என் நடை கெட்டுப்போகும்.

துணி சுமந்த முதுகும் ஸ்டியரிங் பிடித்த முதுகும் ஒன்றா? நீர் அவசரப்படாதேயும். கம்பை விட்டுவிடாதேயும். எல்லாருக்கும் எல்லாம் வாய்க்காது.

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதேயும். நடைக்கு நேரமாயிற்று, அவசரத்தில் எழுதுகிறேன்.

ஆறு திருகு பால்வண்ணநாதன்


வாசுதேவநல்லூர்,
9.6.2025

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உம் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சந்தோஷமும் பொறாமையும் சேர்ந்தே வந்தன. பொறாமைதான் கொஞ்சம் கூடுதல், மன்னித்துக்கொள்ளும்.

போன மாதம் டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எலும்பு இன்னும் ஒட்டவில்லை, இன்னும் ஆறு மாதம் பெல்ட் கழற்றக் கூடாது என்றார். இடது குதிங்கால் இன்னும் மரத்தே கிடக்கிறது.

நேற்று முன்தினம் பக்ரீத். எல்லாரும் வரிசையாக நின்று நெற்றியைத் தரையில் வைத்துத் தொழுகிறார்கள். நான் கடைசி வரிசையில், எண்பது வயதுக்காரர்களோடு நாற்காலியில். எனக்கு அறுபதுதான் ஆகிறது, அண்ணாச்சி. வேறு ஒன்றும் வேண்டாம். நெற்றி ஒரு தடவை தரையில் பட்டால் போதும்.

ஷரீபுன்னிசா உம் கதையைக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி என்ன சாப்பிடுதாகன்னு எழுதிக் கேளுங்க" என்று நச்சரிக்கிறாள். ஒளிக்காமல் எழுதும். என்னதான் செய்தீர்?

நாலு திருகு தாவூது


மேலகரம்,
20.6.2025

அன்பு பாய்க்கு,

கேட்டுவிட்டீர், சொல்கிறேன். சாரல் தொடங்கியாயிற்று. நாலு நாளாக ஐந்தருவியில் முதுகைக் கொடுத்து நிற்கிறேன். முதல் நாள் கொஞ்சம் பயம். தண்ணீர் இறங்க இறங்க, உள்ளே இருக்கிற ஆறு திருகும் தன் தன் இடத்தில் இறுகி உட்கார்ந்தது தெரிந்தது. வீட்டுக்கு வந்து குனிந்து என் செருப்பை நானே எடுத்தேன். ஜோதி வாயைப் பிளந்துவிட்டாள்.

இதை எந்த டாக்டரும் சொல்லமாட்டார். ஊர் உலகமெல்லாம் வலியைத் தூக்கிக்கொண்டு குற்றாலத்துக்கு வருகிறது, பக்கத்தில் இருக்கிற நீர் நாற்காலியில் உட்கார்ந்து அழுகிறீர். ஒரு நாள் வந்து நின்று பாரும். தரையில் நெற்றி வைப்பதெல்லாம் ஒரு காரியமா?

ஆறு திருகு பால்வண்ணநாதன்


வாசுதேவநல்லூர்,
9.7.2025

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சொல்வது நான், எழுதுவது சுஹைப்.

போன ஞாயிறு ஐந்தருவிக்கு வந்தேன். டாக்டரிடம் கேட்கவில்லை. வேண்டாம் என்று அழுத ஷரீபுன்னிசாவிடம், "ஆறு திருகு வச்ச அண்ணாச்சியே நிக்காக, எனக்கு என்னட்டி?" என்று சத்தம் போட்டேன். பெல்ட்டைக் கழற்றிச் சுஹைபிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் போனேன். கூட்டம் நெருக்கியது. கால் வழுக்கிக் குனிந்துவிட்டேன். தண்ணீர் மொத்தமும் குனிந்த முதுகில் இறங்கியது. உள்ளே ஒன்று முறிந்தது. செவிடனுக்கே கேட்டது, அண்ணாச்சி.

திருகு ஒன்று உடைந்து, கம்பி எலும்பை விட்டு வந்துவிட்டதாம். இடது கால் தூக்க வரவில்லை. 30ஆம் தேதி மறுபடியும் திறக்கிறார்கள். திறந்தாலும் காலுக்கு உறுதி சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

உம்மீது எனக்கு வருத்தம் இல்லை. உமக்கு வாய்த்தது எனக்கு வாய்க்கவில்லை. ஒரே ஒரு உதவி. உம்மிடம்தான் ரிடையர்டு பஸ் பாஸ் இருக்கிறதே, ஒரு நாள் வந்து என் கட்டிலுக்கு முன்னால் பத்தடி நடந்து காட்டும். அதைப் பார்த்துவிட்டால் கத்திக்குப் பயப்படாமல் போய்ப் படுப்பேன்.

தாவூது


மேலகரம்,
14.7.2025

அன்பு பாய்க்கு,

படித்து மனசு கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அருவிக்குத் தோளைக் கொடுக்க வேண்டும், இடுப்பைக் கொடுக்கக் கூடாது. இது குற்றாலத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உம்மை யார் போகச் சொன்னது? நான் நின்றேன் என்று எழுதினேன். நீர் நில்லும் என்றா எழுதினேன்?

வரவேண்டும் என்றுதான் ஆசை. நாளை டிப்போ ஆட்களோடு திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை கிளம்புகிறேன். நேர்த்திக்கடன், தட்ட முடியாது. உம் காலுக்காகவும் முருகனிடம் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

பால்வண்ணநாதன்


வாசுதேவநல்லூர்,
23.7.2025

அண்ணாச்சி,

பாதயாத்திரை முடிந்து வந்திருப்பீர், அழைத்துவரலாம் என்று ஞாயிற்றுக்கிழமை சுஹைபைக் காரோடு அனுப்பினேன். அவன் சன்னல் வழியாகவே உம்மைப் பார்த்துவிட்டான். கட்டிலில் மூத்திரப் பை தொங்கியதாம். மதினி இடுப்புச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உம்மை மரக்கட்டை மாதிரி உருட்டித் திருப்பினாளாம். நீர் மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தீராம்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து அவுக கட்டில விட்டு இறங்கல தம்பி" என்று மதினி அழுதாள். அவளுக்கு நம் கடிதங்களில் இருப்பது எதுவும் தெரியவில்லை. சுஹைப் கொண்டுபோன அல்வாவை வைத்துவிட்டு வந்துவிட்டான்.

"ஒரு நாள் வந்து நின்று பாரும்." ஜூன் 20, உம் கையெழுத்து. அந்தக் கடிதத்தை நேற்று ஆள் மூலம் டிப்போவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன், உம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த சுப்பு பேருக்கு. அண்ணாச்சி அருவியில் நிற்கிற அளவுக்குத் தேறிவிட்டார், நீங்கள் இன்னும் போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்டு. இன்று சுஹைபுக்குப் போன் வந்தது. வருகிற ஞாயிறு எட்டுப் பேர் வேன் வைத்து வருகிறார்கள், உம்மை ஐந்தருவிக்குக் கூட்டிப்போக. நல்லெண்ணெய் தேய்த்துத் தயாராக இரும்.

இனி எழுதாதேயும்.

மூன்று திருகு தாவூது


மேலகரம்,
30.8.2025

அன்பு பாய்க்கு,

நீர் எழுதாதேயும் என்ற பிறகு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் வாங்க மறுத்ததாகக் குறிப்பெழுதித் திரும்பி வந்தன, பிரிக்காமலே. இதுவும் வரும். அந்தத் தைரியத்தில்தான் உள்ளதை எழுதுகிறேன்.

எட்டுப் பேரும் வந்தார்கள். சுடலையாண்டி வாசலிலிருந்தே, "ஏ அண்ணாச்சி, வெளிய வாரும்வே, தண்ணி கொட்டுது!" என்று கத்தினான். பிறகு உள்ளே வந்தார்கள். யாராவது சிரித்திருந்தால் பொறுத்திருப்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கென்று வாங்கிவந்த புதுத் துண்டைச் சுப்பு என் கால்மேல் போர்த்திவிட்டுப் போனான். போர்த்தியதும் எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நீர் வீட்டுக்குப் போன மறுநாள் என் தையலில் சீழ் வைத்தது. மறுபடியும் திறந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு காலுக்கும் உயிர் இல்லை. அப்படிக் கிடக்கும்போதுதான் எத்தனை அடி நடக்கிறீர் என்று உம் கடிதம் வந்தது. பாதி உலகம் நடக்கிறது, அதில் எனக்கு ஒன்றுமில்லை. என் பக்கத்துக் கட்டில்காரன் நடந்தான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அருவிக்கு வாரும் என்று எழுதினபோது நீர் வருவீர் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று என்னிடமே பல நாள் சொல்லிப் பார்த்தேன், அது பொய். உம் கால் போயிற்று என்று படித்தபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பாய். நிம்மதி. அன்றைக்கு ஜோதி ஊட்டிய சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றேன்.

ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஸ்டான்லி தம்பி உம்மை எழுப்பி நிறுத்தினாரா? எத்தனை அடி நடந்தீர்? பத்தடி என்றால் எனக்கு வயிறு எரியும். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இந்தத் தடவை கவரில் விலாசத்தை ஜோதியை எழுதச் சொன்னேன். என் கையெழுத்து இல்லை என்று யாராவது வாங்கிப் பிரித்துவிடுவார்களோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

பால்வண்ணநாதன்