அத்தை கொண்டுவந்த செம்பருத்தி

ஹைங்கோ,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. தூக்கத்திலும் முகத்தில் கோபம் இருக்கிறது. சோறும் மரவள்ளிக்கீரைக் குழம்பும் அடுப்பருகே மூடி வைத்திருக்கிறேன்.

உன் அம்மா தமதாவே ஊர்ச் சந்தையில் வாங்கி, பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த செடியை நான் தூக்கி எறியவில்லை. பச்சோந்திக் கூண்டிலிருந்து எடுத்து வாசலில் வைத்தேன், அவ்வளவுதான். செம்பருத்தி நல்ல செடிதான். ஆனால் சந்தைச் செடிக்குப் பூச்சிமருந்து அடித்திருப்பார்களே! நம் பச்சோந்தி ரபே இலையில் நிற்கும் தண்ணீரைத்தானே நக்கிக் குடிக்கிறான்? இலைகளைக் கழுவி, மண்ணையும் மாற்றிவிட்டேன். புதுத் தளிர் நிறைய வந்ததும் நானே உள்ளே வைக்கிறேன்.

அத்தையிடமும் காலையில் இதைச் சொன்னேன். முறைத்தார். பிறகு, பச்சோந்தியை நீட்டிய விரலால் காட்டக் கூடாதென்ற நம்பிக்கையில் விரலை மடக்கிக் கூண்டைக் காட்டி, “இந்தப் பிசாசு ஏதாவது சாப்பிட்டுச்சா மாப்பிள்ளை?” என்றார்.

– ஃபெனோ

கூண்டுக் கதவைச் சாத்த மறக்காதே.

இன்னொன்று. அத்தை தோட்டத்தில் ஓலைத் தொப்பியை வீசி வீசி வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டிருக்கிறார். பார்த்துச் சிரித்துவிடாதே. நான் சிரித்துவிட்டேன். இப்போது அவரும் என்னோடு பேசுவதில்லை.