உன் வீடுவரை போகும் கோடு

அன்புள்ள என் மூத்தவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். காலையில் கண் விழித்ததும் ஆண்டவனிடம் முதலில் கேட்பது உன் நலத்தையும் மாப்பிள்ளை நலத்தையும்தான், எங்கள் நலத்தை அப்புறம் கேட்கிறேன், இதுவரை இரண்டிலும் அவன் குறை வைக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு என்னை விட்டுவிட்டு யார் கூடி முடிவு பண்ணினீர்கள் என்று நீ கேட்கக் கூடாது. நான், உன் அப்பா, உன் தம்பி, தம்பி மனைவி, மெக்கானிக் திருப்புளி, ஆக ஐந்து பேர். திருப்புளி வீட்டு ஆள் இல்லையே என்று நினைக்காதே, வண்டியைப் பற்றிப் பேசும்போது வண்டியின் வைத்தியர் இல்லாமல் எப்படி. உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை, அதில் அப்பாவின் ஹெல்மெட் இருந்தது. இதையெல்லாம் ஃபோனில் சொல்லக் கூடாதா என்பாய். ஃபோனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீ சொல்லி முடித்துவிடுகிறாய். கடிதம் குறுக்கே பேச விடாது, அதனால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து கடைசிவரை படி.

போன தடவை பேசும்போது, இந்த வயசுல மோட்டார் சைக்கிள்ல நாட்டோட அந்தக் கோடியிலேருந்து இந்தக் கோடிக்கு வரணுமா, ரயில்னு ஒண்ணு எதுக்கு விட்டிருக்காங்க, அப்படி வந்தீங்கன்னா கதவைத் திறக்க மாட்டேன் என்று சொன்னாய். உன்மேல் தப்பில்லை, உனக்கு ஒரு விஷயம் தெரியாது. தெரிய வேண்டாம் என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மேஜையில் அவரே, சரி, அவளுக்கு எழுதிடு என்று சொல்லிவிட்டார், அதனால்தான் எழுதுகிறேன், பதறாதே. அப்பாவுக்குக் கண்ணில் ஓரப் பார்வை குறைந்துகொண்டு வருகிறது. கோடை ஆரம்பத்தில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டே இருந்தார், வீடு சுருங்கிவிட்டது என்று ஜோக் அடித்தார், நானும் சிரித்தேன். பிறகுதான் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் டக் டக் என்று கேட்டது, அப்புறம் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் கேட்காத அந்த நேரம்தான் வியாதி என்று டாக்டர் பிறகு விளக்கினார். நேர் பார்வை நல்லா இருக்கும்மா, ஓரம் போயிட்டிருக்கு, மிச்சத்த சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தப் பாக்கலாம், போனது வராது, அடுத்த வருஷம் எவ்வளவு இருக்கும்னு இப்ப சொல்ல முடியாது, வண்டி ஓட்டறத மட்டும் இன்னையோட விட்டுடச் சொல்லுங்க என்றார். பின்னால் உட்கார்ந்து போகலாமா என்று நான் கேட்டேன். பின்னாடி உக்காந்து எங்க வேணாலும் போகலாம், சொட்டு மருந்த விடக் கூடாது, அவ்வளவுதான் என்றார். இந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்று அப்போது எனக்கே தெரியாது. கேட்க வைத்தவனுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வண்டியைக் கழுவித் துடைத்து, பழைய போர்வையைப் போட்டு மூடி, கயிறு கட்டினார். பிணத்துக்குக் கட்டுகிற மாதிரி இருந்தது, எனக்குப் பொறுக்கவில்லை. உன் அப்பாவுக்கு இந்த ரோடு என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை அதே நெடுஞ்சாலையில் நூல் பிடித்து, சூடான பெயிண்ட் வண்டியைத் தள்ளி, வெள்ளைக் கோடு போட்டவர். இரவில் கோடு பளபளக்க வேண்டும் என்று ஈரப் பெயிண்டின் மேல் கண்ணாடி மணல் தூவுவார்கள், அது அவர் சட்டை மடிப்பில் ஒட்டி வந்து நம் சமையலறைத் தரையில் கொட்டும், நீ சின்னவளாக இருந்தபோது விரலில் தொட்டுத் தொட்டு எடுத்து வைரம் வைரம் என்று தீப்பெட்டியில் சேர்த்தாய். அவருக்கு ஒதுக்கிய எல்லை பாலம்வரைக்கும்தான். பாலத்துக்கு அப்பால் வேறு ஆட்கள் போட்ட கோடு. அது எப்படிப் போகிறது, எங்கே வளைகிறது, மலையில் எப்படி ஏறுகிறது என்று தினம் சாயங்காலம் தேநீரோடு ஒரு பேச்சு. நீ அந்த ஊருக்கு வேலைக்குப் போய் முதல் வாரத்தில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து ஜன்னலில் நின்றால் நம் வீட்டு ரோட்டின் அதே நம்பர் பலகை தெரிகிறது என்று சொன்னாயே, அன்றிலிருந்து அவருக்கு அந்தக் கோட்டின் மறுமுனை என்றால் நீதான். ரயிலில் வந்தால் உன்னைப் பார்க்கலாம், ரோட்டைப் பார்க்க முடியாது. இரண்டையும் கண் இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். வாய் விட்டு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, போர்வை போட்டு மூடியதுதான் கேட்டது.

அதனால் கயிற்றை நான் அவிழ்த்தேன். நான் ஓட்டறேன், நீங்க பின்னாடி உக்காருங்க என்றேன். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு மறுநாளே திருப்புளியிடம் போனேன். அண்ணி, சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா என்றார். மூத்தவ பொறக்கறதுக்கு முன்னாலேயே ஓட்டியிருக்கேன் என்றேன். அப்ப பாதி வேலை முடிஞ்சுது, மீதிப் பாதி கியர் என்றார். பழைய கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் அதிகாலைப் பிரார்த்தனை முடிந்ததும் போய்விடுவேன். முதலில் கிளட்சை விட்டால் வண்டி குதிரை மாதிரி துள்ளியது, ஒரு முறை புதருக்குள் போய் நின்றேன், முழங்கையில் சிராய்ப்பு, ஆறிவிட்டது. சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள், கியரும் அப்படித்தான். லைசென்ஸ் தேர்வு எடுத்த அதிகாரி, யாரும்மா ஓட்டப் போறது, உங்க பையனா என்று கேட்டார். நான் எட்டுப் போட்டுக் காட்டினேன், காலே ஊன்றவில்லை. நான் குள்ளம் என்று கல்யாணப் பந்தலிலேயே உன் அத்தை வாய் கூசாமல் சொன்னாளே, அது இப்போது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார். என் ஹெல்மெட்டுக்கு மேலே அப்பாவுக்கு ரோடு முழுக்கத் தெரிகிறது. நேர் பார்வைதானே அவருக்கு மிச்சம், நேரே என்ன இருக்கிறது, கோடு இருக்கிறது.

இனி எழுதப் போவதை உன் தம்பி உப்பு காரம் சேர்த்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். முழுச் சுமையும் ஏற்றி ஒத்திகையாக அணைக்கட்டுவரை போய் வந்தோம். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன், அப்பா முகம் கழுவக் குழாயடிக்குப் போனார். இத்தனை வருஷமாக நான் பின்னால் ஏறி உட்கார்ந்து, வழித் துணைப் பிரார்த்தனையை முணுமுணுத்து, முடிந்ததும் அவர் முதுகில் தட்டினால் வண்டி நகரும், அதுதான் எங்கள் வழக்கம், யார் ஏறினார்கள் என்று பார்க்கிற வேலையே எனக்குக் கிடையாது. அன்றைக்கும் பணம் கொடுத்தேன், ஹெல்மெட் மாட்டினேன், பிரார்த்தனை முடித்தேன், கிளம்பிவிட்டேன். இருக்கையில் வைத்திருந்த துணிப் பை முதுகில் உரசியதால் ஆள் இருக்கிற நினைப்பு. வழியெல்லாம் பேசிக்கொண்டே வருகிறேன், குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்றேன், தம்பி புது ஃப்ரிட்ஜ் வாங்கத் துடிக்கிறான், பழையதற்கு என்ன கேடு என்றேன், எல்லாவற்றுக்கும் மௌனம், ரோட்டை ரசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு உன் அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன், நல்ல வார்த்தை இல்லை. அதற்கும் பதில் இல்லை. அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. தங்கையை யாராவது ஏதாவது சொல்லி அவர் வாய் மூடிக்கொண்டிருந்ததாகச் சரித்திரமே கிடையாது. திரும்பிப் பார்த்தால் பைதான் இருக்கிறது.

நான் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது கவிழ்த்துப் போட்ட ஆயில் டப்பாவின் மேல் உட்கார்ந்து யாரோ கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். ஏன், அவ்வளவு எடையில்லாத ஆளா போயிட்டேனா என்றார். பெட்ரோல் போடும் பெண் என்னிடம் மெதுவாக, சண்டையாக்கா என்று கேட்டாள். இல்லம்மா, பழக்கதோஷம் என்றேன். பிறகு அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நீ சொல்ற பிரார்த்தனையில கடைசி வரிய இனிமே நான் சொல்றேன், என் குரல் காதுல விழுந்தாத்தான் நீ வண்டிய எடுக்கணும் என்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வரி பிரார்த்தனை சொல்லுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம், கடவுளுக்கு ஆயிரம் வேலை, என்னை வேற ஏன் கவனிக்கணும் என்று நழுவுகிற மனிதர். பெட்ரோல் பங்கில் வைத்து ஆண்டவன் அதை நடத்திக் கொடுத்தான். முன்னாலும் நீ, பின்னாலும் நீ, பத்திரமாகக் கொண்டு சேர் என்பதுதான் அந்த வரி. அன்றைக்கு அவர் குரல் காதில் விழுந்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

வீட்டில் இதைச் சொன்னதும் உன் தம்பிக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்தது. அப்பாவ பங்க்ல மறந்துட்டு வந்தவங்க நாட்டத் தாண்டப் போறாங்களாம் என்றான். உடனே அவன் மனைவி, போன மாசம் என்னக் கடையில மறந்துட்டு வந்தீங்களே, அப்ப நடந்துதானே வந்தீங்க, வண்டி மேல பழி போட முடியுமா என்றாள். நான் அவளுக்கு மட்டும் இன்னொரு கரண்டி சூப் ஊற்றினேன்.

ஏற்பாடுகளைக் கேள், கேட்டால் உனக்கே பயம் போய்விடும். திருப்புளி இரண்டு டயரும் செயினும் புதிதாகப் போட்டுவிட்டார், கிளட்ச் கேபிளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கேபிளைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார், ஒன்று அறுந்தால் மற்றதை மாட்ட வேண்டியதுதான், எப்படி மாட்டுவது என்று என்னை மூன்று தடவை செய்ய வைத்தார். சுமையோடு இந்த வண்டி எவ்வளவு குடிக்கும் என்பது ஒத்திகையில் நான் எழுதி வைத்த பெட்ரோல் கணக்கில் இருக்கிறது, அதை வைத்துத்தான் எங்கே நிரப்புவது என்று குறித்திருக்கிறேன், எந்த இடத்திலும் டேங்க் பாதிக்குக் கீழே இறங்காது. வெளிச்சம் இருக்கும்போது மட்டும் ஓட்டம், மழை என்றால் ஓட்டம் இல்லை, சாயங்காலம் சொட்டு மருந்து நேரத்துக்கு முன்னால் அறை எடுத்துவிடுவோம், மருந்து குளிர்ச்சியாக இருக்க ஃப்ளாஸ்கில் வரும். மழைக்கோட்டுக்கு உள்ளே கம்பளித் துணி வைத்துத் தைத்துவிட்டேன், மலைக் காற்றுக்கு நெஞ்சில் செய்தித்தாள் மடித்து வைத்துக்கொண்டால் குளிர் அண்டாதாம், அதையும் செய்து பார்த்தேன், நடந்தால் சரசரவென்று சத்தம் வருகிறது, அவ்வளவுதான். திரும்பி வரும்போது வண்டியைச் சரக்கு ரயிலில் போட்டுவிட்டு நாங்கள் மெத்தை இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு வருவோம், அந்த ரயில் உன் ஆசைக்காக. மலைமேல் ரோடு வேலை முகாமில் இருக்கும் அப்பாவின் பழைய கூட்டாளி மட்டும் ஒன்று சொல்லியிருக்கிறார். முதல் பனி விழுந்த அன்றே கணவாயில் குறுக்குத் தடியை இறக்கிவிடுவார்களாம், பிறகு வசந்தம்வரை திறக்க மாட்டார்களாம், இந்த மாதக் கடைசிக்குள் மேலே ஏறி இறங்கிவிடுங்கள் என்கிறார். வசந்தத்தில் தடி உயரும், ஆனால் அப்பாவின் கண்ணில் அப்போது எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று டாக்டருக்கே தெரியவில்லை.

எல்லாம் தயாராக இருந்தது, நீ ஃபோனில் கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்லும்வரை. நீ கோபத்தில் சொன்னாய், கோபத்துக்குப் பின்னால் பயம், எனக்குத் தெரியும், உன்னைப் பெற்றவள். அப்பா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே பைகளை அவிழ்த்துச் செருப்பு அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார், வரைபடத்தையும் மடித்துவிட்டார். அவ வேணாம்னு சொன்ன இடத்துக்கு நான் எப்படிப் போவேன் என்கிறார். நானும் தம்பியும் திருப்புளியும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம், தம்பிகூட மனசு மாறி, போயிட்டு வாங்கப்பா, பங்க்ல மட்டும் இறங்காதீங்க என்றான். அசையவில்லை. கடைசியில் ஐந்து பேரும் எடுத்த முடிவு இதுதான், உனக்கு முழுதையும் எழுதுவது, எழுதிய பிறகு நீ என்ன சொல்கிறாயோ அதன்படி நடப்பது. அதனால் இது இப்போது உன் கையில் இருக்கிறது, எங்கள் யார் கையிலும் இல்லை.

நீ பயப்படாதே என்று சொல்ல மாட்டேன், பயப்படு, பயந்துகொண்டே ஆண்டவனிடம் எங்களுக்காகக் கேட்டுக்கொள், நான் அப்படித்தான் உன்னை அந்த ஊருக்கு அனுப்பினேன். சலவைக்கூடத்தில் சோடாத் தண்ணீரில் கை வைக்கும்போது கையுறை போட்டுக்கொள், குளிர் வந்தால் உனக்கு விரல் நுனி வெடிக்கும், படுக்கப் போகும்போது வாசலின் தடவு. மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா, வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல், வெட்கப்பட வேண்டாம். இரண்டு பேரும் ஒற்றுமையாக, நோய் நொடி இல்லாமல், கேட்டதெல்லாம் கிடைத்து வாழ வேண்டும், ஆண்டவன் காவல் உங்கள் வாசலை விட்டு அகலாமல் இருக்கட்டும்.

பதிலை ஃபோனில் சொல்லாதே, ஃபோனை அவர் என்னிடம் நீட்டிவிடுவார். காகிதத்தில் அப்பா பெயருக்கு எழுது, எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அவரே கையில் பிடித்துப் படிக்கட்டும். பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம், வாங்க என்று ஒரு வார்த்தை போதும். பிரார்த்தனையின் முதல் வரிகளை நான் சொல்லிவிடுவேன், கடைசி வரியை அவர் சொல்லிவிடுவார். இடையில் உன் வார்த்தை ஒன்றுதான் வர வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதித் தபாலில் போடு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா