மூச்சு முட்டிய லேப்டாப்

20-10-2010, புதன். கடலூர்.

நாளை மாலை சிதம்பரத்தில் பட்டிமன்றம். என் பேச்சு முழுவதும் லேப்டாப்புக்குள் இருக்கிறது. அதுவோ பூஜை முடிந்த நாளிலிருந்து, விண்டோஸ் படம் வந்ததும் அணைந்துவிடுகிறது. மச்சான் சேகரின் பென் டிரைவில் வந்த வைரஸ்தான் காரணமென்று சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

இன்று அவனே வந்தான். பேட்டரியைக் கழற்றி மாட்டினான். மறுபடியும் அணைந்தது. அடியில் தொட்டவன் கையை உதறினான்.

“கொதிக்குது மாமா!” கவிழ்த்துப் பார்த்தவன் சிரித்துவிட்டான். “ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சது யாரு?”

“நான்தான்டா. மேடையில தெரியக்கூடாதுன்னு அடியில வெச்சேன்.”

“பக்தி ஜாஸ்தி மாமா. காத்து போற ஓட்டையெல்லாம் சந்தனத்தால மெழுவி வெச்சிருக்கீங்க. சூடு எப்படி வெளிய போவும்? அதான் அணைஞ்சிடுது.”

“வைரஸ் கெடச்சிடுச்சாடா?” என்று தம்பியைக் கேட்டாள் என் மனைவி, என்னையே பார்த்தபடி.

பல்குச்சியால் சுரண்டி எடுத்தான். லேப்டாப் பிழைத்தது. பேச்சை உடனே பிரதி எடுத்துக்கொண்டேன், சேகரின் பென் டிரைவில்தான்.

நாளைக்குக் கைத்தட்டல் நிச்சயம். இருந்தாலும் பென் டிரைவுக்கு ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். மூடியில் மட்டும்.