ஐந்து கஜ வட்டம்

ஆகஸ்ட் 24, சனி

இன்று மைனாட் நகரத்தில், அமெரிக்க மண்ணில், ஊரே பார்க்க நான் ஒரு கம்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்து போனேன். யாரும் போகச் சொல்லவில்லை.

என் மகன் தாராஸ் சேர்ந்திருக்கும் கல்லூரி அணி, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து அணி, தங்களுக்குள் இரண்டாகப் பிரிந்து பயிற்சி ஆட்டம் ஆடியது. கோட்டோரம் கம்பம் பிடிக்கும் ஆள் வரவில்லை. என் சகலை ஆர்லன் சும்மா இருப்பாரா? எங்க சகலை கனடாவுல, எஸ்தவான்ல இதைத்தான் வருஷக்கணக்கா பண்றாரு என்று என்னைத் தள்ளிவிட்டார். உண்மைதான். எங்கள் ஊரில் டயர் கடைக்காரன் என்பதைவிடக் கம்பக்காரன் என்றால்தான் என்னைத் தெரியும். பந்து நிற்கும் இடத்தில் கம்பத்தை ஊன்ற வேண்டும், பத்து கஜம் முன்னேற அணிக்குக் கிடைக்கும் வாய்ப்புகளில் இது எத்தனையாவது என்று மேலே எண்ணைப் புரட்ட வேண்டும். ஒரு குரங்குக்குப் பழக்கினால் அதுவும் செய்யும்.

ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதும் வீண். கனடாவில் அத்தோடு கதை முடிந்தது, பந்து அடுத்த அணிக்கு. நான் எண்ணை ஒன்றுக்குப் புரட்டி, பத்து கஜம் அளக்கும் சங்கிலியைப் பிடித்திருந்த இரண்டு மாணவர்களையும் மறுபக்கம் திரும்புங்கப்பா என்று அதட்டிவிட்டு முன்னால் நடந்தேன். பாவம், அவர்களும் என் பின்னால் வந்தார்கள். நடுவர் ஓடிவந்து என் கையைப் பிடித்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "ஐயா, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார்.

அமெரிக்காவில் நான்கு வாய்ப்பு! எனக்குத் தெரியாததா? தெரியும். கால் கேட்கவில்லை.

தாராஸ் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றான். ஆட்டம் நின்றிருந்தபோது எதற்குத் தலைக்கவசம்?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஆர்லன் வீட்டுப் பின்கட்டில் இறைச்சி சுட்டோம். என் மனைவி வேராவின் தங்கை ஸோனியா இந்த அமெரிக்கரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எந்த நாட்டு ஆட்டம் உசத்தி என்று எங்களுக்குள் இந்த ஒரு சண்டைதான். வேறு சண்டை போடும் அளவுக்கு இருவருக்கும் படிப்பு கிடையாது.

"மூணுக்கு மேல எண்ணத் தெரியாதா சகலை உங்க நாட்டுல?"

மூன்றில் முடிக்கத் தெரிந்தவனுக்கு நாலாவது எதற்கு என்றேன். பத்து கஜம் போக மூன்றே வாய்ப்பு என்றால் துணிந்து பந்தை எறிந்துதான் ஆக வேண்டும். இவர்கள் ஆட்டத்தில் முதல் இரண்டு வாய்ப்பில் மனிதர்கள் குவியலாக விழுந்து எழுந்திருக்கிறார்கள், அதற்குக் கைதட்டல். எங்கள் மைதானம் நீளத்திலும் அகலத்திலும் பெரிது, ஆளும் ஒருவன் கூடுதல், பந்து கிளம்பும் முன்பே ஓட்டக்காரர்கள் எல்லாப் பக்கமும் பாய்ந்துகொண்டிருப்பார்கள். பார்க்கக் கண் போதாது.

அவர் சொன்னார்: உங்களது சந்தைக்கடை, எங்களது சதுரங்கம். நாலு வாய்ப்பு இருந்தால்தான் ஒருவன் யோசிக்க முடியும், எதிராளியை ஏமாற்ற முடியும், கொஞ்சம் கொஞ்சமாக நெரித்து முன்னேற முடியும். கோல் கம்பத்தைக் குறிவைத்து உதைத்தது தவறி, பந்து பின்னால் போய் விழுந்தாலும் ஒரு புள்ளி கொடுக்கிறீர்களே, தோற்றவனுக்கு ஆறுதல் பரிசா என்று கேட்டார். அதற்கு என்னிடம் இதுவரை நல்ல பதில் இல்லை. எங்கள் ஊரில் யாரிடமும் இல்லை.

அப்புறம் வழக்கம்போல அந்த வட்டத்துக்கு வந்தோம். உயரே உதைத்த பந்துக்காக ஒருவன் அண்ணாந்து நிற்கிறான். கனடாவில் அவன் பந்தைத் தொடும்வரை அவனைச் சுற்றி ஐந்து கஜத்துக்குள் எதிரணிக்காரன் வரக்கூடாது. தொட்டபின் அவன் ஓடியாக வேண்டும். அமெரிக்காவில் வட்டம் கிடையாது. வேண்டுமானால் பிடிப்பவன் தலைக்குமேல் கையை ஆட்டலாம். ஆட்டினால் அவனை யாரும் தொடக்கூடாது, அவனும் ஓடக்கூடாது. அது கோழைத்தனம் என்பேன் நான். ஆட்டாமல் நின்றால் பந்து கையில் விழுந்த கணமே வந்து மோதலாம்.

தாராஸின் வேலையே இதுதான். அந்தப் பந்தைப் பிடித்து ஓடுவது. எஸ்தவானில் இவனைப்போல ஒருவன் வந்ததில்லை. சொன்னது நான் மட்டும் இல்லை.

ஆர்லன் கல்லூரிக் காலத்தில் அதே இடத்தில் ஆடியவர். தினமும் சாயங்காலம் பையனை அனுப்புங்க, எப்ப கை ஆட்டணும்னு பழக்கிவிடறேன் என்றார். கை ஆட்டி பஸ்ஸை நிறுத்த என் பையனுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். ஸோனியா சிரித்தாள். தாராஸும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

செப்டம்பர் 1, ஞாயிறு

வேராவிடம் செய்தி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சத்தத்தைக் குறைத்து அமெரிக்க ஆட்டம் ஒன்றின் மறு ஒளிபரப்பைப் பார்த்தேன். கடைசி நாலு நிமிடம் ஒரே அணி பந்தை விடாமல் நெரித்துக்கொண்டே போய் ஜெயித்தது. நன்றாகத்தான் இருந்தது. இதை ஆர்லன் படிக்க நேர்ந்தால் நான் செத்தேன்.

செப்டம்பர் 7, சனி

தாராஸின் இடது காறை எலும்பு. இரண்டு துண்டு. இன்று வேறொன்றும் எழுத முடியாது.

செப்டம்பர் 8, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆட்டத்துக்கு முன்னால் தாராஸும் நானும் மட்டும் ஒரு கடையில் சாப்பிட்டோம். வேராவும் ஸோனியாவும் துணி வாங்கப் போயிருந்தார்கள். அவனுக்கு முட்டை இறங்கவில்லை. பயத்தைப் போக்க ஏதாவது வேடிக்கையாகப் பேசுவது என் வழக்கம். "டேய், அங்க நின்னு கைய கிய ஆட்டினியோ, நான் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடுவேன்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவனும் சிரித்தான்.

நான் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, குடைந்த தர்பூசணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் மாகாணத்தில் அணிக்கு ஆதரவென்றால் அப்படித்தான். அங்கே நான் ஒருவன்தான் அப்படி. பிள்ளைகள் வந்து என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஆட்டத்தின் இரண்டாவது கால் பகுதியில் பந்து உயரே எழும்பியது. ரொம்ப உயரம். அது கீழே வருவதற்குள் எதிரணியில் இரண்டு பேர் அவன்முன் வந்துவிட்டார்கள். ஆட்டு, ஆட்டுடா என்று பக்கத்தில் ஆர்லன் முணுமுணுத்தது கேட்டது. தாராஸ் அண்ணாந்து பார்த்தான். ஒரு கணம் — பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாங்கள் இருந்த பக்கம் அவன் முகம் திரும்பியதை நான் பார்த்தேன். கை தூக்கவில்லை.

மோதிய சத்தம் நாங்கள் இருந்த இடம்வரை கேட்டது.

வேலியோரம் ஓடினேன். மருத்துவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏன் என்று அப்புறம்தான் தெரிந்தது. தர்பூசணி தலையில் இருந்தது. சாறு காதோரம் வழிந்துகொண்டிருந்தது. பிள்ளை வலியில் பல்லைக் கடித்துக் கிடக்கிறான், அப்பன் பழத்தை மாட்டிக்கொண்டு குனிந்து பார்க்கிறான்.

பயிற்சியாளர் கோபத்தில் இல்லை, குழம்பிப் போயிருந்தார். "பயிற்சில ஒரு தடவகூட நீ கை தூக்காம விட்டதில்லையேப்பா. இன்னிக்கு என்ன ஆச்சு?"

"மறந்துட்டேன் சார். ஊர்ப் பழக்கம்" என்றான் தாராஸ்.

மறக்கவில்லை. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். பழத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன்.

செப்டம்பர் 11, புதன்

கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். காட்டுமிராண்டி விதி, பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது, நம்ம ஊர் மாதிரி வருமா என்று சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. எல்லாரும் தலையாட்டுகிறார்கள். பாதுகாப்பு அவன் கையிலேயே இருந்தது, தூக்கியிருந்தால் போதும் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. என்ன ஜென்மம் நான்?

செப்டம்பர் 27, வெள்ளி

அவன் இடத்தில் வேறொருவன் ஆடுகிறான். எலும்பு கூடி, சீசன் முடிவதற்குள் ஒரு ஆட்டமாவது நம்பி இறக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த வருடம் அணியில் இடம் தருவார்களாம். தாராஸ் இதை வேராவிடம் சொன்னான். என்னிடம், கடை எப்படிப் போகுதுப்பா என்று கேட்டான்.

அக்டோபர் 14, திங்கள்

கனடாவில் நன்றி நாள் விடுமுறை. தாராஸ் வந்திருந்தான். தோளில் போட்டிருந்த கட்டை அவிழ்த்துவிட்டார்கள், ஆனாலும் இடது கையை உடம்போடு ஒட்டித்தான் வைத்துக்கொள்கிறான். வேரா வான்கோழியும் உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டையும் செய்திருந்தாள். சாப்பாட்டில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். குழம்பு கொஞ்சம் ஊற்று என்றேன். ஊற்றினாள். இன்னும் கொஞ்சம் என்றேன். தட்டு வழிந்தது.

அப்புறம் கார்க் கொட்டகையில் குளிர்கால டயர் மாட்டிக்கொண்டிருந்தேன். அவன் வந்து ஒற்றைக் கையால் நட்டு எடுத்துக் கொடுத்தான்.

"தாராஸ், அன்னிக்கு அந்தக் கடையில நான் சொன்னது..."

"விடுங்கப்பா. ஜோக்குதானே."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஒரு நட்டை இறுக்கினேன். இறுகியதையே மறுபடி இறுக்கினேன். அடுத்த மாதம் கடைசி ஆட்டத்தில் இறக்கினாலும் இறக்குவார்கள் என்றான். நான் வரட்டுமா என்று கேட்டேன். அவன் கையிலிருந்த நட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நீங்க இருந்தா நான் பந்தைப் பார்க்க மாட்டேம்பா. உங்களைத்தான் பார்ப்பேன்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. வெயில் அடிக்குது, காத்து அடிக்குது என்பதுபோலச் சொன்னான்.

சரிடா, வரல என்றேன்.

அக்டோபர் 16, புதன்

ஆர்லனுக்குப் போன் போட்டேன். இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். அவரே திருப்பிக் கூப்பிட்டார். பையன் அங்கே திரும்பி வந்துட்டான், சாயங்காலத்தில் கொஞ்சம் சொல்லிக்கொடுங்க சகலை என்றேன். கை எப்படி ஆட்டுவது என்று அவனுக்குத் தெரியும், ஆட்டினால் யாரும் எழுந்து போய்விட மாட்டார்கள் என்பதைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றேன். அந்தக் கடையில் நடந்ததையும் சொன்னேன்.

ஒரு கிண்டலுக்காகக் காத்திருந்தேன். வாழ்நாளில் இப்படி ஒரு பந்தை அவர் கையில் நான் வைத்துக் கொடுத்ததில்லை.

"நாளைக்கே ஆரம்பிச்சுடறேன் மைரன்" என்றார். அவ்வளவுதான். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகிறது.

நவம்பர் 3, ஞாயிறு

எங்கள் மாகாண அணி அரையிறுதியில் தோற்றது, அதுவும் உதை தவறினாலும் கிடைக்கிற அந்த ஒற்றைப் புள்ளியில். ஆர்லனிடமிருந்து போன் வரவில்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார் போல. கிண்டலே தேவலை.

நவம்பர் 16, சனி

மைனாட்டில் பழைய சக்கரம் மலிவாகக் கிடைக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று வேராவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இந்தக் குளிரில் சக்கரமா என்றாள். கம்பளிக் குல்லாயை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டாள்.

பச்சை எதுவும் போடவில்லை. சாம்பல் நிறக் கோட்டு. எதிரணிக்கு ஆதரவாக வந்தவர்கள் நடுவே, மேல் வரிசையில், ஒரு பெரிய குடும்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தாராஸ் எதிர்ப்பக்கம் தன் அணியின் பெஞ்சில் இருந்தான். மூன்று கால் பகுதியும் உட்கார்ந்தே இருந்தான். என் முன்னால் இருந்த ஆள் சூரியகாந்தி விதை நீட்டி, எங்க ஊர்ப் பையன்களை எப்படி நினைக்கிறீங்க என்று கேட்டார். அருமை என்றேன். பொய்யும் ஒரு பழக்கம்தான்.

கடைசிக் கால் பகுதியில் தாராஸை இறக்கினார்கள். பந்து எழும்பியது. காற்று அதை இழுத்து இழுத்துக் கொண்டுபோனது. அவன் பின்னால் போனான், பக்கவாட்டில் போனான், நின்றான். மூன்று பேர் அவனை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார்கள். நானிருந்த பக்கமும் சரி, ஆர்லன் உட்கார்ந்திருந்த பக்கமும் சரி, அவன் பார்க்கவில்லை. பந்தை மட்டும் பார்த்தான்.

வலது கையைத் தலைக்குமேல் தூக்கி இரண்டு பக்கமும் ஆட்டினான். நன்றாக, ஊருக்கே தெரியும்படி.

வந்தவர்கள் கால் சறுக்க நின்றார்கள். ஒருவன் இவன் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில். பந்து இரு கையிலும் வந்து விழுந்தது. இடது கையும் நன்றாகவே மடங்கியது. அவன் அசையாமல் நின்றான். அவ்வளவுதான் நடந்தது. யாரும் கைதட்டவில்லை. இதற்கெல்லாம் யார் கைதட்டுவார்கள்? எனக்கு முன்னாலிருந்தவர் திரும்பி, என்னங்க, யாரைக் கூப்பிடறீங்க என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன், என் கையும் மேலே இருந்தது.

எங்கள் ஐந்து கஜ வட்டம் நடுவர் காவலில் இருப்பது. எல்லாருக்கும் பொது, யாரும் கேட்க வேண்டாம். இது அப்படி இல்லை. ஆயிரம் பேர் முன்னால் தானே கையைத் தூக்கிக் கேட்க வேண்டும். இதையா நான் கோழைத்தனம் என்று இத்தனை வருடம் சொன்னேன்?

வண்டி நிறுத்துமிடத்தில் ஆர்லன் இரண்டு காப்பியோடு என் வண்டிமேல் சாய்ந்து நின்றார். "வழி தவறி அந்தப் பக்கம் உட்கார்ந்துட்டீங்களா சகலை?" என்றார். காப்பியை வாங்கிக்கொண்டேன். பையனிடம் சொல்ல வேண்டாம் என்றேன். யார்கிட்ட என்னத்தைச் சொல்லணும், நான் யாரையும் பார்க்கலையே என்றார்.

ஏழு மணிக்கு தாராஸ் போன் செய்தான். அடுத்த வருடம் இடம் உண்டு என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம். வேரா அழுதுவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள்.

"அப்பா, இன்னிக்கு ஒரு பந்து வந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "நான் கை ஆட்டினேன்."

"நல்ல காரியம் பண்ணினே. அதுதான் சரி" என்றேன்.

சும்மா சொல்கிறேனா என்று அவன் யோசிப்பது எனக்குக் கேட்டது. நிஜமாவா என்றான். நிஜமாத்தான்டா என்றேன். அங்கே காத்து ரொம்ப அதிகம்பா, பந்து எங்கெங்கயோ போச்சு, உங்களுக்குச் சொன்னா புரியாது என்றான்.

அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். நான் பார்த்தேன் என்று சொல்லவில்லை.