நாலாவது பங்கு

ஜூன் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியம் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் நம்புவேன். போனில் பேசினால் உன் வீட்டு ஹாலே காதாகிவிடுகிறது என்றாயே, அதனால் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவது பெயிலானவன் எழுத்து. விளையாட்டு டீச்சர்தானே, பிழை திருத்த மாட்டாய் என்ற தைரியம்.

புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு என் பாடு உனக்குத் தெரியும். அடுத்த ஸ்டாண்டு வரட்டும், அடுத்த ஸ்டாண்டு வரட்டும் என்று காலமெல்லாம் அடக்கிக்கொண்டே பஸ் ஓட்டியவனுக்கு இப்போது பிரேக் பிடிக்கவில்லை. தும்மினால் போச்சு. ஆனாலும் நீ சொல்லிக்கொடுத்தபடிதான் நடக்கிறேன். வீட்டில் துவைத்துப் போடுகிற துணி, வெளியே கிளம்பினால் மட்டும் டயப்பர். செலவு நன்றாகக் குறைந்திருக்கிறது. பேண்ட்டெல்லாம் கறுப்பு. பார்க்கிறவர்கள் எனக்கு வக்கீல் வேலை கிடைத்துவிட்டதென்று நினைக்கிறார்கள்.

இன்னொரு சமாச்சாரம். டயப்பரும் பேடும் கலந்து பெட்டியாக எடுத்தால் மொத்த விலைக்குத் தருவதாக மருந்துக்கடைக்காரர் சொன்னார். தனியாளாக எடுத்தால் பெட்டி கட்டிலில் படுக்கும், நான் தரையில் படுக்க வேண்டும். கூட்டுச் சேர்த்துவிட்டேன். நான், தெருமுனைத் தையல்காரர், மாடி வீட்டு ரிட்டயர்டு கேஷியர், நாலாவது பங்கு உனக்கு. பிரசவத்துக்குப் பிறகு குதித்தால் கசிகிறது, யாருக்கும் தெரியக் கூடாதுப்பா என்று நீ அழுதது மறக்கவில்லை. வழக்கம்போல நானே மறைத்து எடுத்து வருகிறேன்.

கேஷியரை இழுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. மாசக்கணக்காக வாசல் தாண்டாத மனுஷன். "மானம் போயிடும்யா" என்றார். "அது போகாம இருக்கத்தான்யா இதைக் கட்டிக்கச் சொல்றேன்" என்றேன். எப்படியோ பேசி மடக்கினேன். இப்போது தினமும் சாயந்தரம் என்னோடு நடக்க வருகிறார்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கூட்டுக் கொள்முதல் சங்கத் தலைவர், தன்னைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டவர்)


ஜூன் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த முறை எதுவும் கொண்டுவர வேண்டாம்.

நேற்று ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேஷியர் மாமாவின் மருமகள் அவர்தான். எனக்கும் இப்போதுதான் தெரியும். "எங்க மாமனார் உன்னைப் பத்தித்தான் பேசிட்டே இருக்கார். உன் கதையைக் கேட்டுத்தான் அவருக்குத் தைரியமே வந்துச்சாம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மேஜையில் இருந்த எல்லாரும் டிபன் பாக்ஸைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

மதியம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். ரொம்ப அன்பாக, "உடம்பை வருத்திக்காதம்மா. இந்த வருஷம் நீ லைப்ரரியைப் பாத்துக்க. கிரவுண்டுக்கு வேற ஆள் போட்டுக்கறேன்" என்றார். நன்றி மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது?

என் வீட்டுக்காரருக்கே நான் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும்தான் சொன்னேன். கேஷியர் மாமாவிடம் என்ன சொன்னீர்கள்? ஜோக் இல்லாமல் எழுதுங்கள்.

மகள்


ஜூன் 22

பாப்பா,

ஜோக் இல்லாமல் எழுதச் சொன்னாய். அப்படி எழுதிப் பார்த்தால் எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கேஷியரிடம் முதலில் என் கதையைத்தான் சொன்னேன். பஸ் கதை, தும்மல் கதை, எல்லாம். வயிறு குலுங்கச் சிரித்தார், ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன், "என் பொண்ணைப் பாரும்யா. சின்ன வயசு. இதே தொந்தரவு. பேடு வெச்சுக்கிட்டு ஒரு பள்ளிக்கூடத்தையே ஓட விடுறா, தானும் சேந்து ஓடுறா. உமக்கு என்ன கேடு?" அவர் எழுந்து செருப்பைத் தேடினார். அந்தச் சந்தோஷத்தில் நான் செய்தது எனக்கு உறைக்கவே இல்லை.

பெருமையாகத்தான் சொன்னேன். அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. என் மானத்தை நான் தெருவில் போட்டுச் சிரிக்கலாம், அது என்னுடையது. பழக்க தோஷத்தில் உன்னுடையதையும் எடுத்துப் போட்டுவிட்டேன்.

நேற்று உன் பள்ளிக்கூட கேட் வரைக்கும் வந்தேன். மேடம் காலில் விழுந்தாவது உன்னைக் கிரவுண்டுக்கு அனுப்பச் சொல்லலாம் என்று. வாட்ச்மேன், "என்ன விஷயமா பாக்கணும் சார்?" என்றார். வாயைத் திறந்தேன். சொன்னால் அவருக்கும் தெரிந்துவிடும். "குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டேன். பாவம், ஒரு சொம்பு கொண்டுவந்து தந்தார். முழுக்கக் குடித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் அதற்குத் தண்டனையும் கிடைத்தது.

கேஷியர் சாயந்தரமானால் கீழே நின்று, "டிரைவரே, வர்றீரா?" என்கிறார். தலைவலி என்று கதவைச் சாத்திக்கொள்கிறேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்னை மன்னித்துவிடு.

அப்பா


ஜூலை 6

பாப்பா,

பதில் இல்லை. கேட்கவும் எனக்கு வாயில்லை.

பெட்டி வந்துவிட்டது. உன் பங்கு அப்படியே இருக்கிறது. நீ தனியாகச் சில்லறை விலைக்கு வாங்கிக்கொண்டிருப்பாய். காசு பார்த்து ஒன்றையே நாள் முழுக்கப் போட்டிருக்காதே, புண்ணாகிவிடும். நான் அப்படிச் செய்து பட்டிருக்கிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அப்பா


ஜூலை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. கோபம் போகவில்லை. போய்விட்ட மாதிரி எழுத எனக்கு வரவில்லை.

வேறு யாராவது சொல்வதற்குள் என் வீட்டுக்காரரிடம் நானே சொல்லிவிட்டேன். "இத்தனை நாளா குட்டியைத் தூக்கிப் போட்டு விளையாடக்கூட யோசிச்சியே, இதுக்குத்தானா?" என்றார். மறுநாள் டாக்டரிடம் கூடவே வந்தார். தசைக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், போகப் போகக் குறையுமாம். மேடத்திடமும் போனேன். "கிரவுண்டு என்னுது மேடம். லைப்ரரியை வேற யாருக்காவது குடுங்க" என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் சொல்லவில்லை.

இதையெல்லாம் நானே சொல்லத்தான் இருந்தேன் அப்பா. எனக்குத் தைரியம் வருகிற ஒரு நாளில். அந்த நாளை நீங்கள் எடுத்துக் கேஷியர் மாமாவுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

அவரோடு நடக்கப் போங்கள். அவர் நன்றியில் உளறினார், அவ்வளவுதான். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் எனக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்கப் போவதில்லை.

அடுத்த பெட்டியில் என்னைச் சேர்க்காதீர்கள். விலை கூடினால் கூடட்டும். சேரவேண்டுமானால் நானே கடைக்காரரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குட்டியோடு வருகிறேன். வாசலிலேயே மன்னிப்பை ஆரம்பிக்காதீர்கள். நானாகப் பேச்செடுக்கிற வரைக்கும் நீங்கள் எடுக்கக் கூடாது. என்றைக்கு எடுப்பேன் என்று எனக்கே தெரியாது.

உங்கள் மகள்