கடல் வேஷம்

என் கயலு,

அம்மா தூங்கிட்டாங்க. சிம்னி விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பார்த்துவிட்டால் அடிதான். நாளைக்கு நம்ம நாடகம். நீ கட்டிய கடல் வேஷத்தை நான் கட்டுகிறேன்.

போன வருஷம் டீச்சர் அந்தக் குறுநாவலைப் படித்துக் காட்டியது நினைவிருக்கிறதா? பேராசை என்று ஒருத்தன் கடலையே வளைத்து வேலி போடுகிறான். ஒருநாள் கடல் அவன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, தங்க இடம் கேட்கிறது. அதை நாடகமாக்கி, பேராசை வேஷத்தை எனக்குக் கொடுத்ததும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"சரியாத்தான் குடுத்திருக்காங்க. கடலை வாய்க்கால்ல கூட்டியாந்து, காய வச்சு உப்பா மூட்டை கட்டுற ஜனம்தானடி நீங்க?"

"நீங்க மட்டும் என்னவாம்? அது மடியிலயே கைய விட்டு மீனை எடுக்கிறீங்க."

உப்பள வரப்பில் வசனம் சொல்லிக்கொண்டே நடந்தோமே, அந்த மாதிரி சாயங்காலம் இனி வருமா?

அலை உன்னைக் கொண்டுபோன பிறகு யாரும் அந்த நாடகத்தைப் பேசவில்லை. இந்த வருஷ விழாவுக்கு டீச்சர் தயங்கித் தயங்கித்தான் அதைத் திரும்ப எடுத்தார்கள். உன் வசனம் எனக்குத்தான் மனப்பாடம். அம்மா கேள்விப்பட்டு, "இப்பதான் அது அடங்கிக் கிடக்குது. வேஷம் கட்டிக் கூப்பிடாத. மீறினா வீட்டுப் படி ஏறாத" என்றார்கள். எனக்கும் பயம். உன் அம்மா என்ன நினைப்பார்கள்? முடியாது என்று சொல்லிவிடத்தான் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போனேன்.

மீன் கூடையோடு உன் அம்மா வாசலருகே நின்றிருந்தார்கள். "நீதான் கட்டுறியாமே? போன வருஷம் அவ ஆடினப்ப நான் யாவாரத்துக்குப் போயிட்டேன். எப்படி வருவா அவ?"

அங்கேயே செய்து காட்டினேன். பேராசை வீட்டு வாசலுக்கு வந்ததும் நீ செருப்பைக் கழற்றி ஓரமாக விடுவாயே, அதையும். கடலுக்கு ஏதுடி செருப்பு என்று டீச்சர் எத்தனை தடவை திட்டினார்கள். விழா அன்றைக்கும் அப்படியே செய்தாய், பந்தலே சிரித்தது.

உன் அம்மாவும் சிரித்தார்கள், கயலு. "அடுத்த வீட்டுக்குள்ள கழட்டிட்டுத்தான் போகணும்னு நான் சொல்லிக் குடுத்தது." அப்புறம் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "நாளைக்கு முன் வரிசையிலயே உக்காந்துக்கிறேன். அவ செஞ்ச மாதிரியே செய்."

காலையில் அம்மாவிடம் சொல்லிவிட்டே கிளம்புவேன். அடித்தால் அழுதுகொண்டே போவேன். உன் வசனத்தில் ஒன்றையும் விடமாட்டேன். நீ தப்பாகச் செய்ததைத் திருத்தவும் மாட்டேன்.

உன் தங்கச்சி மாதிரி, இல்லை, தங்கச்சியேதான்,
வள்ளி